போட்டோவுக்கு ஒரு கல்யாணம்

வெள்ளிக்கிழமை காலையில் கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் பரிமளத்தின் பூஜைச் சாமான் கடையில் நின்றுவிட்டுத்தான் போவார்கள். கற்பூரம், ஊதுபத்தி, வெற்றிலை, தேங்காய் என்று கேட்டதை எடுத்துக் கொடுக்கும்போதே கேட்காத ஒன்றையும் அவள் சேர்த்துக் கொடுப்பாள். அந்த ஆவணி மாதம் முழுக்க அவள் கொடுத்தது ஒரே செய்திதான்.

“எங்க நிரோஷினிக்கு ஆஸ்திரேலியாவுல இடம் கெடச்சிருச்சுங்க. மாஸ்டர்ஸ் படிக்கப் போறா. படிப்புக் காசுல பாதிய அவங்களே தள்ளுபடி பண்ணிட்டாங்க.”

செய்தியைச் சொல்லி முடித்ததும் தேங்காய் விலையில் அவளாகவே கொஞ்சம் குறைத்துவிடுவாள். மற்ற நாட்களில் பரிமளத்திடம் விலை குறைத்துக் கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அவள் பெருமைப்பட்டதில் தப்பொன்றும் இல்லை. புருஷன் இராமகிருஷ்ணன் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, நகரசபைத் தண்ணீர்ப் பகுதியில் கிளார்க் வேலைக்கு வந்து சேர்ந்தவர். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் அவர்கள் மகள். குடிதண்ணீரைச் சுத்தம் செய்வதைப் பற்றிப் படித்து, முதல் வகுப்பில் தேறியிருந்தாள். அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவள் வாயை மூடிக்கொண்டு கற்பூரம் மட்டும் விற்க வேண்டும் என்றால் நடக்குமா?

“பரிமளக்கா, புள்ளைக்கி விசா வந்திட்டா? எப்பயாம் பயணம்?” என்று பக்கத்தில் கொப்பி, பென்சில் கடை வைத்திருந்த அனீஸா ஒவ்வொரு வெள்ளியும் கேட்பாள். அவள் நல்ல மனதோடுதான் கேட்டாள். ஆனால் வர வர அந்தக் கேள்வியைக் கேட்டதும் பரிமளம் ஊதுபத்திக் கட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

விசாவுக்கு விண்ணப்பிப்பவர் அங்கே போய் ஒரு வருடம் வாழ்வதற்கான பணத்தைக் காட்டவேண்டும். இராமகிருஷ்ணனின் சம்பளம், கடை வருமானம், பரிமளத்தின் நகை எல்லாவற்றையும் சேர்த்தாலும் அது எட்டவில்லை. நிரோஷினிக்கு அதில் பெரிய கலக்கம் இல்லை.

“இடத்த ஒரு வருஷம் தள்ளி வைக்கலாம்னு யுனிவர்சிட்டியே சொல்லுதும்மா. தண்ணி டெஸ்ட் பண்ற கம்பனி ஒண்ணுல என்னைய வேலைக்குக் கூப்புட்டிருக்காங்க. ஒரு வருஷம் செஞ்சிட்டு, பேங்குல லோன் எடுத்துப் போறேன்.”

“ஒரு வருஷமா? அதுவரைக்கும் நான் கடையில மூஞ்சிய எங்க வச்சிக்கிட்டு ஒக்கார்றது?” என்றாள் பரிமளம்.

இந்த நேரத்தில்தான் பரிமளம் ரமேஸைப் பற்றிக் கேள்விப்பட்டாள். டவுனில் ஒரு மாடியில், கண்ணாடிக் கதவும் கங்காரு படமுமாக, வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் வைத்திருந்தான். தேடி வந்த தாயையும் மகளையும் கதிரையில் உட்காரவைத்து, நெஸ்கபே வரவழைத்துக் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

“அன்ட்டி, படிக்கப் போற பிள்ளையோட விசாவுல அவங்க ஹஸ்பண்டும் போகலாம். கடுகண்ணாவையில ஹார்ட்வெயார் கடை வச்சிருக்காரே பொன்னுத்துரை ஐயா, அவருக்கு மகன் சதீஸ்குமார எப்படியாவது வெளிநாடு அனுப்பணும். பையனுக்குப் படிப்பு சரிவரல்ல. நம்ம தங்கச்சி படிக்கிற ஆளா முன்னால போனா, அவர் ஹஸ்பண்ட்னு பின்னால போயிருவார். விசாவுக்குக் காட்டுற காசு, செலவு எல்லாம் ஐயா பார்த்துக்கிருவார்.”

“கல்யாணம் கட்டச் சொல்றீங்களா?” என்று நிரோஷினி கேட்டாள்.

“கல்யாணம் எங்க தங்கச்சி? ரெஜிஸ்டர் மட்டுந்தான். அங்க போய் இறங்கினா அவர் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். ரெண்டு வருஷத்துல டிவோர்ஸ் எடுத்தா முடிஞ்சுது. எல்லாரும் செய்றதுதான்.”

நிரோஷினி தாயின் முகத்தைப் பார்த்தாள். பரிமளத்தின் மனதில் ஒரு கணக்கு ஓடியது. அவர்கள் பக்கத்தில் முதலில் பதிவு எழுதிவிட்டு, நல்ல நாள் பார்த்து மாதக்கணக்கில் கழித்துக் கல்யாணம் வைப்பது புதிதல்ல. தாலி ஏறும்வரை பெண் பிறந்த வீட்டில்தான் இருப்பாள். அப்படியென்றால் பதிவு என்பது ஒரு கையெழுத்துத்தானே என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். வேண்டியதை நம்புவதற்கு மனதுக்குக் காரணம் கிடைக்காமலா போகும்?

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது இராமகிருஷ்ணன் சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருந்தார். “இது நல்லால்ல பரிமளம்” என்று மட்டும் சொன்னார். மகளோ, “அம்மா இஷ்டம்” என்று எழுந்து போய்விட்டாள். மகள் சம்மதித்துவிட்டாள் என்று பரிமளம் எடுத்துக்கொண்டாள்.

பதிவுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவுக்கு வரவேண்டும் என்று ரமேஸ் சொல்லிவிட்டான். விசா அதிகாரிகள் வெறும் பதிவுத்தாளை நம்ப மாட்டார்களாம். சடங்கு செய்த போட்டோ, சொந்தக்காரரோடு எடுத்த போட்டோ எல்லாம் கேட்பார்களாம். “வரும்போது அப்பிடியே உங்க கடையில இருந்து ஒரு மஞ்சள் கயிறும் எடுத்துக்கிட்டு வந்திருங்க அன்ட்டி” என்றும் சொன்னான்.

மஞ்சள் கயிறு விஷயத்தில் பரிமளத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடையில் வேறு எதை வாங்கினாலும் பையில் போட்டு நீட்டுவாள். தாலிக்கயிறு கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் எழுந்து நின்று, கயிற்றைத் தட்டில் வெற்றிலை மேல் வைத்து, இரண்டு கையாலும் கொடுத்து, “நல்லா இருங்க” என்பாள். முன்பின் தெரியாதவர்களுக்கும் அப்படித்தான். கட்டுக்கலையில் கயிறு வாங்கினால் பரிமளம் கையால் வாங்க வேண்டும் என்று பேராதனை, கம்பளைப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்ததுண்டு. அன்று ஞாயிற்றுக்கிழமை அவள் அலுமாரியைத் திறந்து ஒரு கயிற்றை எடுத்து, சொப்பிங் பையில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

ஸ்டூடியோவில் ஒரு காலைப் பொழுதுக்குள் இரண்டு பேரின் வாழ்க்கை முழுவதையும் எடுத்து முடிக்கத் திட்டம் இருந்தது. முதலில் நிச்சயதார்த்தம். பிறகு உடுப்பு மாற்றி, பிறந்தநாள். மேசையில் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரையட்டையில் செய்த கேக் இருந்தது. அதை வெட்ட முடியாது, கத்தியை மேலே வைத்தபடி சிரிக்கத்தான் முடியும். சுவரில் நுவரெலியா ஏரி தொங்கிக்கொண்டிருந்தது. அது தேனிலவுக்கு.

மாப்பிள்ளையாக நிற்க வந்த சதீஸ்குமார் வெட்கப்பட்டுக் காது சிவந்திருந்தான். நிரோஷினியைவிட இளையவன். “சேர், கிட்ட வந்து நில்லுங்க” என்று போட்டோக்காரர் சொல்லச் சொல்ல, ஓரடி விலகி நின்றான்.

“கையைப் பிடிங்க.”

“அக்கா, பிடிக்கவா?” என்று கேட்டான் அவன்.

ரமேஸ் தலையில் அடித்துக்கொண்டான். “அக்காவா? இன்டர்வியூவுல இப்பிடிக் கூப்பிட்டா எல்லாம் முடிஞ்சுது. சரி, நான் கேக்கிறேன், சொல்லுங்க. முதமுதலா எங்க சந்திச்சீங்க?”

“பெரஹரா ஊர்வலம் பார்க்கப் போன இடத்துல” என்று நிரோஷினி ஒப்புவித்தாள்.

“மாமியாருக்கு என்ன சமையல் பிடிக்கும்?”

“பலாக்காய்க் கறி.”

சிறு வயதில் திருக்குறள் போட்டியில் இதே மகள் மேடையில் நின்று ஒப்புவித்ததைப் பரிமளம் பார்த்திருக்கிறாள். அன்று முதல் வரிசையில் இருந்து கை தட்டியவள் அவள்தான். இன்று ஏனோ காதைப் பொத்திக்கொள்ளலாம் போல் இருந்தது.

கடைசியாகக் கல்யாணம். வாடகைக் கூறைச்சேலையும் பிளாஸ்டிக் மாலையுமாக நிரோஷினி மணையில் உட்கார்ந்தாள். பொன்னுத்துரை பட்டு வேட்டியோடு பின்னால் வந்து நின்றார். ரமேஸ் பரிமளத்தைப் பக்கத்தில் நிறுத்தினான்.

“அன்ட்டி, கயித்த மாப்பிள்ளைக்கிட்ட கொடுங்க. அவர் கட்டுற மாதிரிப் பிடிப்பார். நீங்க கொஞ்சம் அழுங்க. ஆனந்தக் கண்ணீர் இருந்தா போட்டோ உண்மை மாதிரி இருக்கும்.”

பரிமளம் பையின் முடிச்சை அவிழ்த்தாள். கயிறு கையில் வந்ததும் பழக்கதோஷம், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். சதீஸ்குமாரிடம் நீட்டினாள். வாய் தானாகத் திறந்தது. ஊர்பேர் தெரியாத எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்ன அந்த இரண்டு சொற்கள், சொந்த மகள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வெளியே வரவில்லை. யாரை நல்லா இருக்கச் சொல்வது, எதற்காகச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“அம்மா, சீக்கிரம். கெமராவப் பிடிச்சுக் கை வலிக்குது” என்றார் போட்டோக்காரர்.

பரிமளம் குனிந்து மகளின் காதருகே கேட்டாள். “நிரோஷி, ஒனக்கு இது சம்மதந்தானே?”

நிரோஷினி தலை நிமிரவில்லை. “பரவால்லம்மா. நீங்க ஊரெல்லாம் சொல்லிட்டீங்க. என்னால நீங்க தலகுனியக் கூடாது.”

அப்போதுதான் பரிமளத்துக்குப் புரிந்தது. பிள்ளை தன் ஆசைக்காக இங்கே வந்து உட்காரவில்லை. தாயின் வாய்ப்பெருமைக்காக வந்து உட்கார்ந்திருக்கிறாள். ரமேஸ் கேட்ட கண்ணீர் இப்போது வந்தது. ஆனால் அது அவன் கேட்ட ஆனந்தக் கண்ணீர் அல்ல.

“நல்லா வருது, எடுங்க எடுங்க” என்றான் ரமேஸ்.

“எடுக்காதீங்க” என்றாள் பரிமளம். கயிற்றை மடக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். “நிரோஷி, எழும்பு. சேலைய மாத்திட்டு வா, வீட்டுக்குப் போவோம்.”

“அன்ட்டி, இந்த வருஷம் யுனிவர்சிட்டியில சேர்ற வாய்ப்பு போயிரும், யோசிச்சுப் பேசுங்க. இது வெறும் ரெஜிஸ்டர்.”

“வெறும் ரெஜிஸ்டர்னா, பிறகு என்னத்துக்கு டிவோர்ஸ் எடுக்கணும்?”

அதற்கு நிரோஷினி பதில் சொன்னாள். எழுந்தபோது அவள் குரலும் எழுந்திருந்தது. “நம்ம நாட்டுல சும்மா பிரிய முடியாதும்மா. கோர்ட்டுல ஒருத்தர் மேல குத்தம் காட்டணும். நான் விசாரிச்சுப் பாத்தேன்.”

“கேட்டீங்களா? எந்தக் குத்தத்தக் காட்டப் போறீங்க? எம் மக மேலயா, இந்தப் புள்ள மேலயா?”

பொன்னுத்துரையின் முகம் கறுத்தது. “எம் மகனுக்கு என்ன கொறச்சல்னு இப்பிடிப் பாதியில எழும்புறீங்க?”

“ஒரு கொறையும் இல்லீங்க ஐயா. பண்பான புள்ள. அவருக்கும் ஒரு நாளைக்கு உண்மையான கல்யாணம் நடக்கணும். அன்னைக்கு எங்க கடைக்கு வாங்க, நானே எழும்பி நின்னு கயிறு எடுத்துத் தாறேன்.”

பொன்னுத்துரை வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சதீஸ்குமார் மாலையைக் கழற்றிக் கேக்கின் மேல் வைத்தான். அன்று காலையில் முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. “தேங்க்ஸ் அக்கா” என்றான் நிரோஷினியிடம்.

தாயும் மகளும் வீதிக்கு இறங்கி நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் பரிமளம் நின்றாள். “நான் செஞ்சது பெரிய பிழை. ஒன்னக் கேக்கவே இல்ல.” நிரோஷினி தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பிடிப்பாளே, அதே பிடி. அன்றிரவு விஷயம் கேட்ட இராமகிருஷ்ணன் இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. பரிமளம் வழக்கத்தைவிட நேரத்தோடு கடையைத் திறந்தாள். கோயிலுக்கு வந்தவர்கள் நிறைந்து நின்ற நேரம் பார்த்து அனீஸா கேட்டாள். “பரிமளக்கா, எப்பயாம் பயணம்?”

முன்பென்றால் பரிமளம் மழுப்பியிருப்பாள். இன்று, கடைசியில் நின்றவருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

“இந்த வருஷம் பயணம் இல்ல அனீஸா. எங்கக்கிட்ட காட்டக் காசு போதல்ல. காசுக்காகப் பொய்யா ஒரு கல்யாணம் எழுதச் சொன்னாங்க. நானும் புத்தி கெட்டுப் போய்ச் சம்மதிச்சேன். பெறகு வேணான்னு வந்துட்டோம். திங்கக்கிழமையில இருந்து எங்க நிரோஷினி வேலைக்குப் போறா, தண்ணி டெஸ்ட் பண்ற கம்பனிக்கு. அடுத்த வருஷம் லோன் எடுத்து, அவ பேருல அவளே விசா போடுவா.”

தலைகுனிவு வரும் என்று எத்தனை இரவு பயந்தாளோ, அது வரவில்லை. அனீஸா தன் கடையிலிருந்து இறங்கி வந்து பரிமளத்தின் தோளில் கையை வைத்தாள்.

“நல்ல வேல செஞ்சீங்க. இப்பிடி எழுதிட்டு, இப்ப அழுதுக்கிட்டு ஈக்கிற புள்ளைகள எனக்கும் தெரியும். வெளிய சொல்லத்தான் ஆள் இல்ல.”

“அதுக்குத்தான் நான் சொல்றேன்” என்றாள் பரிமளம். கூட்டத்தில் நின்ற தாய்மாரைப் பார்த்துத்தான் மிச்சத்தையும் சொன்னாள். “புள்ள வெளிநாட்டுக்குப் போறது பெருமைதான், நான் இல்லேங்கல்ல. ஆனா நம்ம பெருமைக்காகப் புள்ள வாழ்க்கைய அடகு வைக்கக் கூடாது. பொய்யில வாங்குன விசா, புள்ளைய காலமெல்லாம் பொய் சொல்ல வைக்கும். படிச்ச படிப்புல உண்மையாப் போகட்டும். ஒரு வருஷம் பிந்தினா ஒண்ணும் கொறஞ்சு போகாது.”

அப்போது தோட்டத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் தயங்கித் தயங்கி முன்னால் வந்து, கல்யாணத்துக்கு மஞ்சள் கயிறு கேட்டது. பரிமளம் எழுந்து நின்றாள். தட்டில் வெற்றிலை வைத்து, அதன்மேல் கயிற்றை வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

“நல்லா இருங்க” என்றாள். அந்தச் சொல் முழுதாக வெளியே வந்தது.