உக்கடம் பஸ் நிற்கும் இடம்

பீளமேட்டில் அந்தக் கண்ணாடி அடுக்குமாடி எழும்பியதும் அதன் வாசலை ஒட்டியிருந்த பஸ் ஸ்டாப்பைத் தூக்கிவிட்டார்கள். சாயங்காலமானால் வேலை முடிந்த பெண்கள் அங்கே கூடுவதும், கால் கடுத்தால் காம்பவுண்டு ஓரத்தில் உட்காருவதும் குடியிருப்பவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஸ்டாப் பலகை சிக்னலைத் தாண்டி, சாக்கடைப் பாலத்துப் பக்கம் போய்விட்டது.

பழனியாத்தாளுக்கு எதிர்ப்புற ஐ.டி. ஆபீசில் துப்புரவு வேலை. புது ஸ்டாப்புக்கு எட்டி நடந்தும் உக்கடம் பஸ் அடிக்கடி தவறியது. அது போனால், உக்கடத்தில் பஸ் மாறிக் கிணத்துக்கடவு வீட்டுக்குப் போய்ச் சேர இருட்டிவிடும். ஒருநாள் அவள் அவ்வளவு தூரம் நடக்கவில்லை. பழைய இடத்திலேயே நின்றுவிட்டாள்.

அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் மனோஜ்குமார் காரை விட்டு இறங்கி வந்தார். தன்மையாகத்தான் பேசினார். இங்கே கூட்டம் கூடினால் வீடுகளுக்கு மதிப்புக் குறைகிறது, வாங்கியவர்கள் கோடிக்கணக்கில் கொட்டியிருக்கிறார்கள் என்றார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுக்குள்ள நான் நிக்கலீங்க. ரோட்டுல நிக்கறேன். ரோட்டையும் சேத்து வாங்கிப்போட்டீங்களா?"

அவர் காவலாளியைக் கூப்பிட்டார். அவன் வந்து பக்கத்தில் நின்றானே தவிர ஒன்றும் செய்யவில்லை. அந்த நேரம் பார்த்து, மனோஜ்குமார் வீட்டில் சமைக்கும் சாமியாத்தாள் கேட்டைத் தாண்டி வெளியே வந்தாள். முதலாளியைப் பார்த்ததும் பாலத்துப் பக்கம் திரும்பினாள். கொஞ்ச தூரம் போனவள் என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து பழனியாத்தாளோடு நின்றுகொண்டாள். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார் அவர். சாமியாத்தாள் நகரவில்லை.

பஸ் வந்தது, வேகம் குறையாமல். பழனியாத்தாள் ரோட்டில் இறங்கிக் கையை நீட்டினாள். பிரேக் கிறீச்சிட்டது. ஸ்டாப் இல்லாத இடத்தில் நிறுத்தினால் தனக்கு மெமோ வரும் என்று டிரைவர் திருமலைசாமி சத்தம்போட்டார்.

"மெமோ குடுத்தா என்ற பேரைச் சொல்லுங்கண்ணா. நாளைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

மறுநாளும் நின்றாள். ஆபீசில் அவளோடு வேலை செய்யும் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். சங்கம் காம்பவுண்டு ஓரமெல்லாம் கூர்க்கம்பி பதித்தது. உட்கார முடியாதவர்கள் நின்றார்கள். சில நாளில் யாரும் கையை நீட்டாமலே திருமலைசாமி நிறுத்த ஆரம்பித்தார். சாமியாத்தாளுக்கு வேறு தெருவில் வேலை கிடைத்தது. ஆனாலும் பஸ் ஏற இங்கேதான் வருகிறாள்.

சில சாயங்காலங்களில் மனோஜ்குமாரின் கார் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. விடாமல் ஹாரன் அடிப்பார். பெண்கள் ஒவ்வொருத்தராக ஏறுவார்கள். பழனியாத்தாள் கடைசியில்தான் ஏறுவாள், அவசரமே படாமல்.