ஒற்றைக் காதும் உலக விடுமுறைகளும்

1

இந்தக் கதை என் வயிற்றெரிச்சலில் பிறந்தது. வேலையில் இருந்தவரை எனக்கு லீவு இருந்தது. ஓய்வு பெற்ற மறுநாள், காபி ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது, இனி சாகும்வரை லீவே கிடையாது என்று. தீபாவளியும் ஒன்றுதான், திங்கட்கிழமையும் ஒன்றுதான். ஆகவே ஊரார் லீவைப் பார்த்துப் பொருமுவதைத் தொழிலாக வைத்துக்கொண்டேன்.

அந்தத் தொழிலில் என்னைவிடக் கெட்டிக்காரர் பாபநாசத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அமிர்தம். (வயதை எழுதக் கூடாது என்று உத்தரவு.) மகன் சூர்யபிரகாஷ் ஜப்பானில். மகள் வானதி துபாயில் ஒரு மருந்துக்கடையில். எந்த நாட்டில் என்றைக்கு லீவு என்று அந்தந்த நாட்டு ராஜாக்களே அமிர்தத்துக்குப் போன் போட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

2

தொடக்கம்: "காவிரியில் தண்ணீர் வந்த அன்று அமிர்தம்

வேண்டாம். டெல்டாக் கதை என்றால் முதல் வரியிலேயே மதகைத் திறக்க வேண்டும் என்று சட்டமா?

வேறு தொடக்கம்: "உலகில்தான் எத்தனை எத்தனை பண்டிகைகள்! அவை யாவும்

கட்டுரைப் போட்டி வாடை அடிக்கிறது.

இன்னொன்று: "வானதிக்கும் அவள் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை."

இது போதும். நிஜமும் அதுதான்.

3

காரணம், காதுகுத்து. வானதியின் மகளைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் வருகிறேன் என்றான். பந்தல் போட்டு, ஆட்டுக்கும் மாலை போட்ட பிறகு, லீவு இல்லை என்றான். யாரோ ஒன்றுவிட்ட மாமனைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து அண்ணன் கூப்பிட்டால் வானதி போனை எடுப்பதில்லை.

(முதல் பிரதியில் இரண்டு காதும் குத்தியாகிவிட்டது. கதையும் அங்கேயே படுத்துக்கொண்டது. எனவே ஒரு காதை நானே அடைத்தேன். வலது காது முடிந்ததும் வானதி ஆசாரியின் கையைப் பிடிக்கிறாள். "போதுங்க. இன்னொண்ணு எங்கண்ணன் மடியிலதான்." குழந்தை ஒற்றைக் கம்மலோடு ஊர் திரும்பியது. விமானம் அந்தப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்தே பறந்ததாகக் கேள்வி.)

4

அமிர்தம் இதுவரை படித்துவிட்டுக் காம்பவுண்டுச் சுவரோரம் வந்தார்.

"ஏன் சார், எம் பேத்தி காத அடைச்சுட்டீங்களே?"

"கதைக்காகம்மா. அடுத்த பக்கத்துல குத்திடுவோம்."

"யார் மடியில?"

நான் பேனா மூடியைத் தேடினேன்.

"நெசத்துல ரெண்டும் குத்தியாச்சு. அவன் வந்தாலும் உக்கார எடமில்ல. கதையிலயாவது ஒண்ணு மிச்சமிருக்கு. அவன வரவைங்க சார்."

"லீவு வேணுமே?"

"அத நான் பாத்துக்குறேன்."

5

பார்த்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு அண்ணன், தங்கை இருவருக்கும் லீவில்லை. மே தினத்தன்று இருவருமே உழைத்தார்கள். ஜனவரி முதல் தேதி இருவருக்கும் லீவு, ஆனால் மார்கழி. "மார்கழியில காது குத்துனா ஊர் சிரிக்கும்" என்றார் கணவர் தியாகராசன். பொங்கலுக்கும் இல்லை. "சூரியனுக்குத்தான பொங்கல் வைக்கிறோம். சூரியன் உதிக்கிற நாட்டுலயே லீவு குடுக்க மாட்டேங்குறாங்களே" என்று அமிர்தம் மனம் நொந்தார்.

அப்புறம் கிடைத்தது. பங்குனியில், பகலும் இரவும் சமமாகிற நாளுக்கு ஜப்பானில் விடுமுறை. அது வெள்ளிக்கிழமை; சனியும் ஞாயிறும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்த ஆண்டு ரம்ஜான் பெருநாளும் அதே வாரக் கடைசியில். சனிக்கிழமை காலை காதுகுத்து என்று முடிவாயிற்று.

"மூணு நாள்ல எப்படிம்மா வந்துட்டுப் போறது?" என்றான் சூர்யபிரகாஷ்.

"மடி மட்டும் வந்தாப் போதும்டா. மத்ததெல்லாம் அங்கயே இருக்கட்டும்."



"அவ எங்கிட்ட பேசுவாளாம்மா?"

"நீ உக்காரு. புள்ள அழுவுற அழுகையில யார் பேசுறாங்க, யார் பேசலன்னு எவனுக்குத் தெரியப்போவுது?"

வியாழக்கிழமை அவன் விமானம் ஏறிவிட்டான். வானதி மட்டும் பிடி கொடுக்கவில்லை. "இன்னிக்கு ராத்திரி பிறை தெரிஞ்சா நாளைக்கே லீவும்மா, வந்துடுவேன். தெரியலன்னா நாளைக்கு எனக்கு டூட்டி. நான் வந்து சேர்றதுக்குள்ள அவன் கெளம்பிடுவான்."

6

எனவே வியாழன் மாலை அமிர்தம் மொட்டை மாடியில். துணைக்கு எதிர்வீட்டு ஜன்னத் பீவி.

"அமிர்தம், நம்ம ஊர்ப் பிறை எங்களுக்கு. உம் மவளுக்கு துபாய்ப் பிறைதான் கணக்கு. இங்க பாத்து என்ன ஆவப்போவுது?"

"நெலா ஒண்ணுதானடி. நாம புடிச்சு இழுத்தா அங்கயும் தெரியாமலா போயிடும்?"

கீழிருந்து தியாகராசன் குரல்: "நோம்பு இருந்தது யாரு, பிறை தேடுறது யாரு பாரு."

அமிர்தம் காதில் வாங்கவில்லை. கண்ணைச் சுருக்கி மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு ஒன்று: பிறை தெரிகிறது. இரண்டாம் கம்மல் ஏறுகிறது. குழந்தை போடும் கூச்சலில் ஜப்பானில் லேசான நில அதிர்வு.

முடிவு இரண்டு: தெரியவில்லை. சூர்யபிரகாஷ் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, வெறும் மடியோடு பந்தலில் உட்கார்ந்திருக்கிறான். (இதை எழுதினால் அமிர்தம் சுவரேறிக் குதிப்பார்.)

முதலாவதை நான் எழுதினால், ஏற்கெனவே ஒரு காதை அடைத்த ஆள்தானே என்று நீங்கள் நம்பமாட்டீர்கள். இதுவரை திறந்த அடைப்புக்குறிகளை எல்லாம் ஒழுங்காக மூடியிருக்கிறேன். கடைசியாக ஒன்றைத் திறந்து வைக்கிறேன். மூடுகிற குறி எப்படி வளைந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நம் ஊர் வானத்தில் அது கொஞ்சம் சாய்ந்து கிடக்கும், அவ்வளவுதான். பேனா இனி உங்களிடம். சீக்கிரம்; அந்த அம்மாவுக்குக் கழுத்து வலிக்கிறது.

(மேற்கே, அறுவடை முடிந்த வயலுக்கு மேலே,