மடி

பாலை விட்டுவிடலாம். தயிர், வெண்ணெய், முட்டை, மீன் எல்லாவற்றையும்கூட விட்டுவிடலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

கால்நடை மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அமர்ந்து அவள் இதையே யோசித்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒரு பண்ணைக்காரர் போன் செய்திருந்தார்.

"கன்னு பொறந்ததுமே போயிடுச்சும்மா. மாடு கிட்ட விடமாட்டேங்குது. கத்திக்கிட்டே நிக்குது."

டாக்டரை அனுப்புமுன் கேட்க வேண்டியவை அவளுக்கு மனப்பாடம். வாய் தானாகக் கேட்டது. "மடி கல்லு மாதிரி இருக்கா? தொட்டா சூடா இருக்கா?"

கேட்டு முடித்தபோது அவள் கை தன் மார்பின் மேல் இருந்தது.

பிரசவத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியபோது அம்மாவும் இதைத்தான் கேட்டாள். மடி என்ற சொல் மட்டும் அதில் இல்லை. அன்று அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல், பாலைப் பீய்ச்சித் தொட்டியில் விட்டாள். மாட்டுக்குக் கனத்திருப்பது மடி. தனக்குக் காலியாகக் கிடப்பதும் மடி. இரண்டுக்கும் ஒரே பெயரை யார் வைத்தார்களோ.

நான் குடிக்காவிட்டால் அந்த மாட்டுக்கு என்ன ஆகப்போகிறது? கறக்காமல் விட்டால் அதற்குத்தான் வலி. இது இரக்கமா, என் துக்கத்துக்கு நான் தேடிக்கொண்ட சாக்கா? தெரியவில்லை. ஆனால் தொண்டையில் இறங்கவில்லை. அது மட்டும் நிச்சயம்.

மாலையில் மாமியார் பாலை ஆற்றிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தாள்.

"அத்தை, நான் இனிமே பால் குடிக்கலன்னு இருக்கேன். முட்டை, மீனும் வேண்டாம்."

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கணவன் சிரித்தான். "அப்ப டீக்கு என்ன பண்றதா உத்தேசம்? வர்றவங்களுக்கெல்லாம் சுடுதண்ணியா?"

"நீ சும்மா இருடா," என்றாள் மாமியார். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "காத்தைக் குடிச்சா உடம்பு தேறுமாம்மா? தேறினாத்தானே அடுத்ததைப் பத்தி யோசிக்க முடியும்?"

அவள் அந்த மாட்டைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல, அது வெறும் மாட்டுக் கதையாகவே போய்க்கொண்டிருந்தது.

"மாடுதானே," என்றான் கணவன். "ரெண்டு நாள்ல மறந்துடும்."

மாமியார் மகனை நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். ஆஸ்பத்திரியில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அந்தச் சின்னத் துணிப்பொட்டலத்தைக் கடைசிவரை கீழே வைக்காமல் நின்றவனும் அவன்தான். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

"அவன் தெரியாம சொல்லிட்டான்," என்றாள் மாமியார். டம்ளரை எடுத்து அவள் கையருகே நகர்த்தினாள். "எனக்கும் பேரப்பிள்ளை போச்சும்மா. எனக்காக ஒரு வாய்."

இந்தக் குரலுக்குத்தான் அவள் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அத்தை."

"சரி, இன்னிக்கு வேண்டாம். நாளைக்கு?"

"நாளைக்கும் வேண்டாம் அத்தை."