காலையில் காணாமல் போகும் படிக்கட்டு

பூட்டைப் போட்டவள் மருமகள். பூட்டிய லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து ஹாயாகச் சீட்டாடிக்கொண்டிருந்தவர் மாமனார்.

அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். நேற்று மாலை பாஸ்வேர்ட் போட்டது அவள் கைதான். யாரிடமும் மூச்சுவிடவில்லை. வெளியூரில் இருக்கும் கணவனிடம்கூட.

"வந்துட்டியாம்மா? இதோ, இந்த ஒரு ஆட்டம்" என்றார் மாமனார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். ஜெயித்தார். எழுந்து இடம் கொடுத்தார்.

அவள் வரைபடத்தைத் திறந்தாள். தரைத்தளம் இருந்தது. மாடி இருந்தது. நேற்று முழுக்க முதுகு ஒடிய வரைந்த படிக்கட்டு மட்டும் மாயம்.

குழந்தைகள் காப்பகம் ஒன்றுக்கான வரைபடம் அது. சின்னக் கால்களுக்குத் தாழ்வான படிகள், பெரியவர்களுக்கு ஒன்றும் பொடிசுகளுக்கு ஒன்றுமாக இரண்டு கைப்பிடிகள். இத்தனை வருடம் அடுத்தவர் அலுவலகத்தில் அடுத்தவர் கிறுக்கியதைச் சீர்படுத்திக்கொண்டிருந்தவளுக்கு, சொந்தமாகக் கிடைத்த முதல் வேலை. இன்று மாலைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் காப்பகத்து அம்மாள் பக்குவமாகச் சொல்லியிருந்தார்.

முதல் முறை காணாமல் போனபோது தன்னையே திட்டிக்கொண்டாள், சேமிக்க மறந்திருப்பேன் என்று. இரண்டாவது முறை மனம் அதை ஒப்பவில்லை, பூட்டைப் போட்டாள். இன்று மூன்றாவது முறை. அவள் ஒழுங்குக்காரி. தினமும் மாலையில் சேமித்து, எல்லாவற்றையும் மூடி, லேப்டாப்பை முறையாக அணைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அதற்குப் பிறகு அதைத் தொடுகிறவர் ஒருவர்தான். விடிந்ததும் காபியோடு வந்து உட்கார்ந்து சீட்டாடுகிறவர்.

மாமனார் பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், "படிக்கட்டு வரையற பொண்ணா? அப்போ நீ என் தொழிலுக்கே விரோதி" என்று சொல்லிச் சிரித்தவர். அப்போது அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். இப்போது அந்தப் பேச்சு வேறு மாதிரி ஒலித்தது. வேண்டுமென்றே செய்வாரா? ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஆனால் பூட்டு?

கேட்க வாய் வரவில்லை. முகம் மட்டும் கேட்டுவிட்டது போலிருக்கிறது. மாமனார் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு ஜன்னலோர நாற்காலிக்குப் போய்விட்டார்.

நான்காவது முறையாக வரையத் தொடங்கினாள். கைக்குப் பழகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. படிகள், நடுத்தளம், இரண்டு கைப்பிடிகள் எல்லாம் வந்து உட்கார்ந்தன. சேமித்தாள். போதாதென்று, இன்னொரு பிரதியை யாருமே எட்டிப்பார்க்காத பழைய ஃபோல்டர் ஒன்றுக்குள் வேறு பெயரில் ஒளித்தும் வைத்தாள். இனி மாமனார் இல்லை, அவரைப் பெற்றவர் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கடைசியாக ஒருமுறை அளவுகளைச் சரிபார்த்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்து இறங்கினாள்.

நாத்தனாருக்குக் காது மிஷின் பழுதுபார்க்கும் வேலை. நகத்தைவிடச் சின்ன ஸ்க்ரூக்களோடு நாளெல்லாம் மல்லுக்கட்டுகிறவள். இந்த லேப்டாப் நத்தை வேகத்தில் திறப்பதைப் போன வாரம் பார்த்துவிட்டு, "இது எழுந்து உட்கார்றதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்" என்று அலுத்துக்கொண்டவள், மாற்றித் தருவதாகச் சொன்னபடியே எஸ்எஸ்டி என்ற வேகமான புது டிஸ்க் ஒன்றோடு வந்திருந்தாள். அட்டைப் பெட்டிக்குள், உள்ளங்கை அகலத்தில், தகடு போல இருந்தது அது. கூடவே ஸ்க்ரூ டிரைவர்கள் செருகிய துணிச்சுருள், தன்னுடைய லேப்டாப், இரண்டு கேபிள்கள்.

வேலையைக் கடகடவென்று சொன்னாள். இதை அணைக்க வேண்டியது, பழைய டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டி, உள்ளே இருப்பதை அப்படியே புதியதற்குப் பிரதி எடுக்க வேண்டியது, புதியதை இதற்குள் பொருத்த வேண்டியது. அவ்வளவுதான். மருமகளும் தலையாட்டினாள். வரைபடம்தான் இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கிறதே.

நாத்தனார் குனிந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடித்தாள். பேட்டரி எப்போதோ செத்துவிட்ட லேப்டாப் அது. அந்த பிளக்தான் அதற்கு உயிர்.

"எடுக்கறதுதான் எடுக்கற, என் இருபத்தேழையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிடு" என்றது ஜன்னலோர நாற்காலி.

"என்னப்பா இருபத்தேழு?"

"சீட்டாட்டத்துல நான் ஜெயிச்ச கணக்கு. காலையில ஒரு ஆட்டம் ஜெயிக்கறேன், இருபத்தெட்டுன்னு காட்டுது. மறுநாள் வந்து பார்த்தா மறுபடி இருபத்தேழு. யாரோ பின்னாடி தள்ளி வைக்கறாங்க. 'பெரியவரே, இதைத் தொடாதீங்க'ன்னு வாய்விட்டுச் சொல்லியிருந்தா நானே விட்டிருப்பேன்."

மருமகள் அவர் பக்கம் திரும்பினாள். "யாரோன்னா... என்னையா சொல்றீங்க, மாமா?"

"வேற யாரைச் சொல்றது? இதைத் தொடறது நாம ரெண்டு பேர்தானே."

அவள் போட்ட அதே கணக்கு. எதிர்ப்பக்கத்திலிருந்து போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

"மாமா, இன்னிக்குக் காலையில இது உங்ககிட்ட பாஸ்வேர்ட் கேட்டுச்சா?"

"பாஸ்வேர்டா? அது எதுக்கு?"

அவர் பூட்டை உடைக்கவில்லை. பூட்டே இல்லை. படிக்கட்டைப் போல, இருபத்தெட்டைப் போல, அதுவும் விடிவதற்குள் போய்விட்டது. மாலையில் அணைத்தால், அன்று புதிதாகச் செய்ததெல்லாம் காலையில் போயிருக்கும்.

"அண்ணி" என்றாள் மருமகள், குரலை உயர்த்தாமல். "பிளக்கை விட்டுடுங்க."

நாத்தனார் கையை எடுத்தாள். நடந்ததைக் கேட்டாள். மெல்ல, மிக மெல்ல நிமிர்ந்தாள். டிஸ்க் தேய்ந்து போய்விட்டது என்றாள். இருப்பதைப் படித்துக் காட்டும், புதிதாக எதையும் எழுதிக்கொள்ளாது.

"எங்க கடைக்கு வர்ற சில பேர் மாதிரி. எதைச் சொன்னாலும் 'சரி சரி'ன்னு தலையாட்டுவாங்க, ஒண்ணும் காதுல விழுந்திருக்காது. இதுவும் 'சேமிச்சாச்சு, சேமிச்சாச்சு'ன்னு தலையாட்டுது. கரன்ட் இருக்கற வரைக்கும் ஞாபகத்துல வெச்சுக்கும். அணைச்சா அம்போ."

"ஒளிச்சு வெச்ச பிரதி?"

"அதுவும் அதே ஓட்டைப் பானைக்குள்ளதானே வெச்சிருக்க?"

மாமனார் எழுந்தார். யாரும் சொல்லவில்லை. நாற்காலியைத் தூக்கிவந்து பிளக்குக்கு முன்னால் போட்டு, யார் காலும் கம்பியில் இடறாதபடி இரண்டு முழங்கால்களையும் அகட்டி உட்கார்ந்துகொண்டார். லிஃப்ட் கதவைக் காத்த அதே தோரணை.

"உள்ளே இருக்கறவங்க பத்திரமா இறங்கட்டும்" என்றார்.

மருமகள் மேஜை டிராயரைத் துழாவி ஒரு பென் டிரைவைக் கண்டெடுத்தாள். படிக்கட்டை அதில் ஏற்றினாள். நாத்தனாரின் லேப்டாப்பில் செருகித் திறந்தாள். படி, நடுத்தளம், இரண்டு கைப்பிடிகள். ஒன்றும் குறையவில்லை. அளவுகளைச் சரிபார்த்து, அங்கிருந்தே காப்பகத்துக்கு அனுப்பினாள்.

"இப்போ அணைங்க" என்றாள்.

"இன்னிக்கு ஜெயிச்சதும் போச்சு" என்று பெருமூச்சு விட்டபடி மாமனார் நாற்காலியை நகர்த்தினார்.

லேப்டாப்பைக் கவிழ்த்தார்கள். நாத்தனார் அடிமூடியின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தாள். மூடி அசையவில்லை. ரப்பர் கால் ஒன்றை நெம்பியெடுத்தாள். அதற்கடியில் இன்னொரு ஸ்க்ரூ பதுங்கியிருந்தது. அதையும் கழற்றினாள். மூடி வந்தது. தூசி பஞ்சாகத் திரண்டிருந்தது. பழைய டிஸ்க்கைப் பக்கவாட்டில் இழுத்து உருவினாள். பழையது ஒரு கேபிளிலும் புதியது ஒரு கேபிளிலுமாகத் தன் லேப்டாப்பில் மாட்டி, பிரதி எடுக்க விட்டாள். எது பழையது, எது புதியது என்று மருமகளை ஒருமுறைக்கு இருமுறை பார்க்கச் சொன்னாள். மாற்றிக் கொடுத்துவிட்டால் காலியானது வந்து நிறைந்ததை அழித்துவிடுமாம்.

காத்திருந்த நேரத்தில் மாமனார் கேட்டார். "ஆமா, என்ன பாஸ்வேர்ட் போட்டே?"

மருமகள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் திரையைப் பார்த்தாள். தப்பிக்க வழியில்லை.

"லிஃப்ட் பழுதுன்னு, மாமா."

அவர் சிரிக்க ஆரம்பித்தவர், இருமல் வரும்வரை நிறுத்தவில்லை.

பிரதி முடிந்ததும் புதிய டிஸ்க்கைப் பழையதன் இரும்புச் சட்டத்தில் பொருத்தி உள்ளே தள்ளினாள் நாத்தனார். க்ளிக். மூடி, ஸ்க்ரூக்கள், ரப்பர் கால். பிளக்கைச் செருகிப் பொத்தானை அமுக்கியதும், லேப்டாப் கண் இமைக்கும் நேரத்தில் எழுந்து உட்கார்ந்தது. மருமகள் எழுந்து நாற்காலியை மாமனாருக்குக் கொடுத்தாள். அவர் சாவகாசமாக ஆடினார். ஜெயித்தார். இருபத்தெட்டு.

அன்று மாலையும் அவள் லேப்டாப்பை முறையாகவே அணைத்தாள்.

மறுநாள் மாமனாருக்கு முன்பே எழுந்துவிட்டாள். காப்பகத்திலிருந்து பதில் வந்திருந்தது, அதைத் திறக்கவில்லை. முதலில் சீட்டாட்டத்தைத் திறந்தாள்.

இருபத்தெட்டு.

ஆட்டத்தை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு, காபி போடப் போனாள்.