மஞ்சள் கோடு

தட், தட் என்று லாரிக்குள் என் படுக்கைக்கு அடியில் இரண்டு அடி விழுந்தபோது காலை மணி ஒன்பதரை. ஸாக்ரெப் நகரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் குளிர்பெட்டியில் பதினெட்டு டன் செர்ரி. அன்று மாலைக்குள் மியூனிக்கில் ஒரு கிடங்கில் இறக்கியாக வேண்டும். என் முறைக்கு நாலரை மணி நேரம் ஓட்டிவிட்டு அப்போதுதான் கண் அசந்திருந்தேன்.

“ஒண்ணுமில்ல, நீ தூங்கு. கூம்புதான்” என்றான் என் கணவன் தெல்ச்சோ, ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே.

முப்பத்தொரு வருஷமாக லாரி ஓட்டுகிறவன். சாலையில் தடுப்புக்கு வைக்கிற ஒரு பிளாஸ்டிக் கூம்பைக்கூட இடித்ததில்லை. திரையை விலக்கிக்கொண்டு முன்னிருக்கைக்கு இறங்கினேன். பாதிச் சாலையை மூடி வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய வெள்ளைக் கோடுகளுக்கு மேலேயே புதிதாக மஞ்சள் கோடு போட்டு, வண்டிகளை எல்லாம் இடப்பக்கமாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். எங்கள் வண்டி மட்டும் வெள்ளைக் கோட்டைப் பிடித்து நேராகப் போய்க்கொண்டிருந்தது. முந்நூறு அடி தள்ளி, ஆரஞ்சுச் சட்டை போட்ட நாலு பேர் தார் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான்.

“மஞ்சக் கோட்டப் புடி” என்றேன்.

“எந்த மஞ்சக் கோடு?” என்றான்.

எட்டி ஸ்டியரிங்கை நானே இழுத்தேன். அவன் பிரேக்கை மிதித்தான். இன்னும் நாலு கூம்புகள் போயின. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்து வந்த வண்டி நிறுத்தத்துக்குள் நுழைகிறவரை ஸ்டியரிங்கிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் எங்கள் ஊரான பிளெவென் நகரத்தில், மேலே மின்கம்பியைப் பிடித்து ஓடும் டிராலி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்துக்குப் பதினோரு நாள்தான் புருஷன் முகத்தைப் பார்க்க முடிகிறது என்று, நானும் கனரக உரிமம் எடுத்து இந்த வண்டியில் ஏறினேன். ஏறின பிறகுதான் கூத்தே. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தூங்க வேண்டும். ஒரே பெட்டிக்குள் இருக்கிறோம். ஒரே தலையணையில் மாறி மாறிப் படுக்கிறோம். செருப்பைப் படியில் கழற்றிவிட்டு ஏறுகிற இடம்தான் எங்கள் வாசல். ஆனால் இரண்டு பேரும் விழித்திருந்து சேர்ந்து சாப்பிடுகிற நேரம் ஒரு நாளைக்கு முக்கால் மணி. அந்த முக்கால் மணியில் அவன் கண்ணை நான் எங்கே பார்த்தேன்? தட்டைத்தான் பார்த்தேன். போன் செய்தியை என்னைப் படிக்கச் சொன்னான், சோம்பேறித்தனம் என்று திட்டினேன். காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினான், கிழவனாகிவிட்டாய் என்று கேலி செய்தேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அடுப்பைப் பற்றவைத்து அவித்த பீன்ஸைச் சூடாக்கினேன். பிறகு, எதிரே நின்ற லாரியைக் காட்டி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஆள் உயரம். அவன் பச்சை நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு, எங்களுக்குத் தெரிந்த ஒரு பச்சைக் கம்பெனியின் பெயரைச் சொன்னான். தப்பு. என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கே தெரிந்துவிட்டது.

குளிர்காலத்திலிருந்தே இப்படித்தானாம். கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி இருக்கிறதாம், துடைத்தாலும் போகவில்லையாம். அப்படியானால் பிப்ரவரியில் உரிமத்துக்கான கண் பரிசோதனையில் எப்படித் தேறினாய் என்று கேட்டேன். முன்னால் நின்ற இரண்டு பேர் பலகையைப் படித்ததைக் காதால் கேட்டு ஒப்பித்தானாம். சொல்லும்போது அவன் உதட்டில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“இந்த ரோடு எனக்கு மனப்பாடம்டீ. கண்ணக் கட்டிவிட்டாலும் வீட்டு வாசல்ல கொண்டுவந்து நிறுத்திடுவேன்.”

“ரோடு மனப்பாடமா இருக்கலாம். ரோட்டுல நிக்கிற ஆளு மனப்பாடம் ஆவானா?”

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். பென்காவிடம் காய்ச்சல் என்று மட்டும் சொல், இந்த ஒரு நடை போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். பென்கா எங்கள் அலுவலகத்தில் வண்டிகளை அனுப்புகிறவள். இவன் என்னிடம் எதற்கும் கெஞ்சினதில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிடுவது சுலபம்தான். ஆனால் காய்ச்சல் மூன்று நாளில் விட்டுவிடும். நாலாம் நாள் இவன் மறுபடி அந்த இருக்கையில் ஏறி உட்காருவான். உண்மையைச் சொல்லிவிட்டால் இனி ஏறவே முடியாமல் போகலாம். ஐம்பத்தெட்டு வயதில், லாரியைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினவனின் முதுகு கண்ணை விட்டுப் போகவில்லை.

அவன் காதில் விழட்டும் என்றே போனை ஒலிபெருக்கியில் போட்டேன்.

“பென்கா, தெல்ச்சோவுக்குக் கண்ணு தெரியல. இனிமே அவன் ஓட்ட மாட்டான். நான் ஒருத்திதான் ஓட்டிட்டு வரேன். சரக்கு நாளைக்கு மத்தியானம்தான் சேரும்.”

சரக்கு வாங்குகிறவன் தாம்தூம் என்று குதிப்பானே என்றாள் பென்கா. குதிக்கட்டும் என்றேன். மெதுவாக, தெல்ச்சோ அண்ணன் பக்கத்தில் இருக்கிறாரா அக்கா என்று கேட்டாள். இருக்கிறான் என்றேன்.

யார் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று பதிகிற கருவியிலிருந்து அவனுடைய ஓட்டுநர் அட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அந்த இடத்தில் என்னுடையதைச் செருகினேன். அவன் சட்டிகளை எடுத்துப்போய்க் குழாயடியில் கழுவினான். கழுவினதையே திரும்பவும் கழுவினான்.

ஒரு நாளைக்கு ஒருவர் ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம் என்பது சட்டம்; அன்று மீதி இருந்த என் நாலரை மணி நேரத்தை ஓட்டினேன். ஆஸ்திரியாவில் ஒரு நிறுத்தத்தில் சட்டப்படி படுத்தேன், எழுந்தேன், மறுபடி ஓட்டினேன். இவ்வளவு தூரமும் அவன் பக்கத்து இருக்கையில் முழங்கால் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தான். மேலே போய்ப் படு என்றால் படுக்கவில்லை. அவன் என்னை வெறுத்தாலும் பரவாயில்லை, உயிரோடு இருந்து வெறுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் கிடங்கு வளாகத்தில் பதினாலாம் வாசல் கொடுத்தார்கள். இருபுறமும் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுபோய்ச் சரக்கு இறக்கும் மேடையோடு ஒட்டி நிறுத்த வேண்டும். நான் ரிவர்ஸ் போட்டதுமே தெல்ச்சோ கதவைத் திறந்து செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். நாங்கள் எப்போதும் அப்படித்தான், ஒருவர் பின்னால் போகும்போது மற்றவர் கீழே நிற்போம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே கடைசி வரை நடந்து போனான். ஓரமாக நின்று, வா வா என்று கை அசைத்தான். அப்புறம் கையை உயர்த்தினான்: நிறுத்து.

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். மேடைக்கு இன்னும் ஒரு மீட்டர் இருந்தது. கிடங்கு ஆள் எங்கிருந்தோ, வா, இன்னும் வா என்று கத்தினான். தெல்ச்சோவின் கை இறங்கவில்லை.

கைப்பிரேக்கைப் போட்டு இறங்கிப் போனேன். அவனுடைய ஒரு கையைப் பிடித்து மேடை விளிம்பில் இருந்த ரப்பரில் வைத்தேன். இன்னொன்றைப் பெட்டியின் மூலையில் வைத்தேன். அவன் இரண்டு கைக்கும் நடுவே இருந்த வெளியை நிதானமாக அளந்தான்.

“ரெண்டு முழம் இருக்கு” என்றான்.

“ஆமா.”

“சரி, ஏறு. மெதுவா வா.”

ஏறி உட்கார்ந்து பிரேக்கை விட்டேன். கண்ணாடிக்குள், பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்தபடி, வண்டி நகர நகர அவனும் கூடவே நடந்தான்.