‘தல்து’ என்று அந்தத் தாய் சொன்னது

வேன் ஹந்தானை மலை இறக்கத்தில் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, அந்தத் துருக்கிக்காரத் தாய் ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். தல்து. பிர்தென் தல்து. மடியில் அவளுடைய ஆறு வயது மகள் துவண்டு கிடந்தாள். பிள்ளையின் கண்கள் பாதி திறந்திருந்தன. ஆனால் யாரையும் பார்க்கவில்லை. ஈரத் தலைமயிரிலிருந்து சொட்டிய தண்ணீர் சீட்டை நனைத்து, பக்கத்தில் பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்த சுகிர்தாவின் உடுப்பையும் நனைத்தது.

வேனை ஓட்டியவர் ரஸீன், கெஸ்ட் ஹவுஸின் முகாமையாளர். அந்தப் பொம்பிள என்னதான் சொல்கிறாள் என்று திரும்பாமலே கேட்டார்.

“திடீர்னு பாஞ்சிருச்சாங்க,” என்றாள் சுகிர்தா.

எங்கே பாய்ந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. தாயும் மகளும் தங்கியிருந்த கீழ் அறையின் கதவைத் திறந்தால் பத்தடியில் நீச்சல் தடாகம். அதற்கு வேலி இல்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை, அனுமதிக் கடிதமும் இன்னும் வந்து சேரவில்லை. காலையில் மேல்மாடியில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த சுகிர்தா அலறல் கேட்டு எட்டிப் பார்த்தபோது, தாய் வெறுங்காலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமிருந்துதான் ஓடி வந்தாள்.

சுகிர்தா அறைகள் துப்புரவு செய்கிறவள். ஆனால் அந்த கெஸ்ட் ஹவுஸில் துருக்கி மொழி தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கலியாணமாகி மகள் பிறந்த மறு வருடம் இஸ்மீர் நகரத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள், மூன்று வருடம் அங்கே சமையலறையிலும் துணி காயப்போடும் மாடியிலும் காதில் விழுந்த சொற்களைப் பொறுக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். வேலைக்குச் சேரும்போது நன்றாகப் பேசுவேன் என்று சொல்லி வைத்திருந்தாள். ரொட்டி வேண்டுமா, தேத்தண்ணி வேண்டுமா, துவாய் மாற்றட்டுமா என்பதற்கெல்லாம் அது போதுமாக இருந்தது.

தல்து என்ற சொல்லில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கோடை காலத்தில் இஸ்மீரில் அவள் வேலை பார்த்த வீட்டார் கடற்கரைக்குப் போவார்கள். பையன்கள் பாறை மேல் ஏறி நிற்க, கீழேயிருந்து மேடம் “தல்மா, தல்மா” என்று கத்துவாள். பாயாதே, பாயாதே.

ஆஸ்பத்திரி வாசலுக்குக் கிட்டே வேனை நிறுத்திவிட்டு ரஸீன் அவள் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

“சுகிர்தா, பூல் கதைய எடுக்க வாணாம். காலையில சாப்பிடாம மயங்கி விழுந்திட்டு, அவ்வளவுதான். பொலிஸ் வந்தா எடத்த மூடிப் போடுவாங்க. ஒங்க வேலயும் போகும், என்னயும் உள்ளுக்குப் போடுவாங்க. வெளங்கினதா?”

சுகிர்தா தலையசைத்தாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த டொக்டர் சுபாஜினி யாழ்ப்பாணத்துப் பெண். முப்பது வயது இருக்கும். பிள்ளையைக் கட்டிலில் கிடத்தி, கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே என்ன நடந்தது என்று கேட்டார். ரஸீன் முந்திக்கொண்டு மயக்கக் கதையைச் சொன்னார். டொக்டரின் கை பிள்ளையின் ஈரத் தலையில் நின்றது. அவர் ரஸீனை விட்டுவிட்டு, சுகிர்தாவைப் பார்த்தார்.

“தாய் என்ன சொல்லுறா? அதைச் சொல்லுங்கோ.”

தன் முதுகுக்குப் பின்னால் ரஸீன் நிற்பது சுகிர்தாவுக்குத் தெரிந்தது. பிள்ளையின் உதடுகள் வெளிறியிருந்தன. ஹந்தானையில் பள்ளிக்கூடம் போயிருக்கும் தன் மகளை நினைத்தாள்.

“தண்ணிக்குள்ள பாஞ்சிருச்சாங்க டொக்டர். எங்க பூலுலதான்.”

அந்த வார்த்தையோடு எல்லாம் வேகமெடுத்தது. ரஸீனை வெளியே போகச் சொன்னார்கள். தலைகுப்புறப் பாய்ந்திருந்தால் கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம் என்று பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக் கெட்டியான பட்டை ஒன்றைப் பூட்டி, பலகையில் கிடத்தி, நெற்றியிலும் நெஞ்சிலும் வார் போட்டுக் கட்டினார்கள். அதில் பிள்ளைக்கு அரைகுறையாக நினைவு வந்து, அலறித் திமிறத் தொடங்கியது. தாய் பட்டையைக் கழற்றப் பாய்ந்தாள்; இரண்டு தாதிமார் அவளைப் பிடித்து இழுத்தார்கள். அவள் அழுகையோடு கொட்டிய பேச்சைத் தன் போனில் மொழிபெயர்க்கப் பார்த்தார் டொக்டர். போன் ஒன்றையும் சரியாகப் பிடிக்கவில்லை. கடைசியில் அந்தச் சொல் என்ன என்று சுகிர்தாவிடம் கேட்டு, எழுத்தெழுத்தாக அடித்துப் பார்த்தார். பாய்ந்தது, மூழ்கியது என்றுதான் போனும் சொன்னது.

ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் கொப்பியோடு வந்து கதவடியில் நின்றார். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரஸீனின் முகம் சாம்பல் நிறமாகியிருந்தது.

பிள்ளை இப்படித் திமிறினால் ஸ்கேன் எடுக்க முடியாது, தூங்க மருந்து கொடுக்கப்போகிறோம், தாய் கையெழுத்துப் போட வேண்டும் என்று டொக்டர் சொல்ல, சுகிர்தா தனக்குத் தெரிந்த துருக்கியில் அதைச் சொன்னாள். தாய் பேனையைத் தட்டிவிட்டாள். ஏன் கழுத்தைக் கட்டினார்கள் என்று கேட்டாள். கழுத்தில் என்ன இருக்கிறது?

சுகிர்தா துருக்கிச் சொல்லில் தடாகம் என்றாள்.

“எந்தத் தடாகம்?” என்று கேட்டாள் தாய்.

அவள் முகத்தில் கோபமில்லை, பொய்யுமில்லை. விளங்காமைதான் இருந்தது. சுகிர்தா பிள்ளையின் ஈரத் தலையைக் காட்டினாள். தாய் தன் உள்ளங்கையைக் குவித்து, குழாயைத் திறப்பது போலவும், தண்ணீரை அள்ளிப் பிள்ளையின் தலையில் ஊற்றுவது போலவும் செய்து காட்டினாள். குளியலறை. எழுப்புவதற்காக ஊற்றிய தண்ணீர்.



அப்போதுதான் அவளுக்கு இஸ்மீரின் அந்தச் சமையலறை ஞாபகம் வந்தது. பால்குடி மறக்காத மகளை விட்டுவிட்டுப் போன முதல் வருடம் அது. கழுவும் பாத்திரத்தைத் தண்ணீருக்குள் பிடித்தபடியே ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டு அவள் நின்றுவிடுவாள். உண்மையில் எதையும் பார்த்திருக்கமாட்டாள். மேடம் வந்து முகத்துக்கு முன்னால் விரலைச் சொடுக்குவாள். “யினே தல்துன்.” மறுபடியும் பாய்ந்துவிட்டாய். தண்ணீரில் கை கிடப்பதால் அப்படிச் சொல்கிறாள் என்றுதான் சுகிர்தா இத்தனை காலமும் நினைத்திருந்தாள். மேடம் சொன்னது கையை அல்ல, கண்ணை. கண் வெறித்து, நினைவு எங்கோ அமிழ்ந்துபோய் நின்றதை.

இந்தப் பிள்ளை தண்ணீரில் பாயவில்லை. வெறித்துப் பார்த்தபடி உறைந்துபோயிருக்கிறது.

தாதி ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். உயிர் விஷயம், கையெழுத்து இல்லாமலே மருந்து கொடுக்கலாமா என்று பெரிய டொக்டர் ஒருவரிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தார் சுபாஜினி. சுகிர்தா கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். ரஸீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது போய் பூல் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? முதலாளிக்குப் பயந்து கதையை மாற்றுகிறாள் என்பார்கள். பொலிஸ்காரர் எழுதிய பிறகு மாற்றினால் அதற்கும் ஒரு வழக்கு இருக்குமோ என்னவோ. பேசாமல் இருந்துவிட்டால், தப்பு நடந்தது யாருக்கும் தெரியப்போவதுமில்லை.

பிள்ளை பட்டைக்குள் கழுத்தை அசைக்க முடியாமல் “அன்னே” என்று கூப்பிட்டது. அம்மா.

“டொக்டர், ஊசி போடாதீங்க. நான் சொன்னது பிழைங்க. அந்தப் புள்ள பூலுக்குள்ள பாயல.”

டொக்டர் போனைக் காதிலிருந்து எடுத்தார். கண்ணாடிக்கு வெளியே பார்த்தார், பிறகு இவளை.

“அந்தாள் உங்களை வெருட்டினவரோ?”

“வெருட்டினாருங்க. அது உண்மை. இதுவும் உண்மைங்க.” சுகிர்தா தாயைக் காட்டினாள். “அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கு. எனக்கு இப்பத்தான் வெளங்குச்சு. கண்ணு அப்பிடியே நின்னு போறதுக்கும் அதைத்தான் சொல்வாங்க.”

டொக்டர் ஊசியைப் பிடித்திருந்த தாதிக்குக் கைகாட்டினார். போனில் ஆங்கிலத்தில் வெறித்துப் பார்ப்பதற்கான சொல்லை அடித்து, துருக்கியில் வந்ததைத் தாய்க்குக் காட்டினார். திக் திக் பக்மாக். தாய் உரக்க வாசித்துவிட்டுப் பலமாகத் தலையாட்டி மறுத்தாள். இந்தச் சொல் சுகிர்தாவுக்கு நன்றாகத் தெரியும். தமிழில் நெஞ்சு அடிப்பது போலவே இருக்கிறதே என்று அந்த நாளிலேயே மனதில் பதிந்த சொல். கிளாஸ் உடைந்தால் மேடம் பார்ப்பாளே, அந்தப் பார்வை அது. முறைப்பு. பிள்ளை யாரையும் முறைக்கவில்லை என்றுதான் தாய் மறுக்கிறாள்.

சொற்களை நம்பி இனிப் பயனில்லை என்று சுகிர்தாவுக்குத் தோன்றியது. தாயின் இரண்டு தோள்களையும் பிடித்து, காட்டு என்றாள். எப்படி இருந்தாள், செய்து காட்டு.

தாய் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கையை வாய்க்குக் கொண்டுபோனாள், ரொட்டி சாப்பிடுவது போல. கை பாதியில் நின்றது. வாய் லேசாகத் திறந்தது. கண்கள் சுவரில் ஒரு புள்ளியில் நிலைகுத்தி நின்றன. இமை மட்டும் மெல்லத் துடித்தது. பிறகு உடம்பை விறைத்து, கைகளை வெட்டி வெட்டி இழுத்துக் காட்டினாள். செய்து காட்டுகிறாள் என்று தெரிந்தும் சுகிர்தாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாதிமார்கூட அசையவில்லை.

“வலிப்பு,” என்றார் டொக்டர். “முந்தியும் வந்திருக்கோ கேளுங்கோ. மருந்து எடுக்கிறவவோ?”

இலாச் என்ற சொல்லைத் தாய் வேனிலும் பத்துத் தடவை சொல்லியிருந்தாள். மருந்து கொடுங்கள் என்று கெஞ்சுகிறாள் என்று நினைத்து சுகிர்தா அதை மொழிபெயர்க்காமலே விட்டிருந்தாள். இப்போது ஒவ்வொரு சொல்லாக, கையைக் காட்டிக் காட்டிக் கேட்டாள். இரண்டு வருடமாகக் காலையும் மாலையும் மருந்து. முந்தாநாள் எல்ல என்ற ஊரிலிருந்து வந்த ரயிலில் மருந்துப் பையை விட்டுவிட்டார்கள். மூன்று வேளை தவறிப்போயிருந்தது.

டொக்டர் கழுத்தெலும்பை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, வார்களை அவிழ்க்கச் சொன்னார். பட்டையைக் கழற்றி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பிள்ளையின் பார்வை மேலே மின்விசிறியில் நிலைத்தது. அழுகை அறுந்தாற்போல் நின்றது. பிறகு உடம்பு வில்லாக வளைந்து உதறத் தொடங்கியது. பிள்ளையைச் சரித்துப் படுக்க வைத்தார்கள்; வாயிலிருந்து வாந்தியும் நுரையும் வழிந்து பக்கவாட்டில் ஓடின. மல்லாக்கக் கட்டப்பட்டுக் கிடந்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று சுகிர்தா நினைத்துப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள். டொக்டர் வலிப்புக்கான மருந்தை நரம்பில் ஏற்றினார். சுவர் மணிக்கூட்டில் நான்கு நிமிடம் போனது. உதறல் தணிந்தது, பிள்ளை நீளமாக ஒரு மூச்சு விட்டது.

பொலிஸ்காரர் எழுதிய பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, வேலி இல்லாத பூலைப் பற்றி மட்டும் ரஸீனிடம் தனியாகக் கேட்டுக்கொண்டார்.

திரும்பிப் போகும்போது ரஸீன் வேனை மெதுவாகவே ஓட்டினார். அவர் வெருட்டினார் என்று தான் டொக்டரிடம் சொன்னதைக் கேட்டிருப்பார் என்று சுகிர்தாவுக்குத் தெரியும். எந்த வளைவில் வேனை நிறுத்தி, இறங்கிக்கொள் என்பாரோ என்று கதவுப் பிடியைப் பிடித்தபடியே இருந்தாள். தேயிலை தொடங்கும் இடத்தில் அவர் சொன்னார்:

“நான் பயந்து பெய்த்தன். அதாலதான் அப்பிடிச் சொன்னன்.”

“நானும் பயந்துதாங்க இருந்தேன்,” என்றாள் அவள். அடுத்த கிழமை பூலைச் சுற்றி வேலி அடிக்க ஆள் வந்தது. அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. ஆனால் ரஸீன் முன்போல் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதுமில்லை.

அதற்கு முன்பே, ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், பிள்ளையை வீட்டுக்கு விடும் காலையில், தாய்க்கு மருந்து வேளைகளைச் சொல்லிக்கொடுக்க சுகிர்தாவை வார்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தாய் கடதாசிகளில் கையெழுத்துப் போட உள்ளே போனாள். பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. சுகிர்தா பையை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, பிஸ்கட் பிடித்த கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றிருந்தது. கண்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரே இடத்தில் நின்றன. இமைகூடத் தட்டவில்லை.

சுகிர்தா ஓடிப்போய்ப் பிள்ளையின் முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள்.

பிள்ளை தலையைச் சரித்து அவள் கையைத் தாண்டி எட்டிப் பார்த்தது. எதிர்க் கூரையில் ஒரு குரங்கு தன் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

“பக்குயோரும்,” என்றது பிள்ளை எரிச்சலோடு. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சுகிர்தா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிள்ளையோடு சேர்ந்து அவளும் அந்தக் குரங்கைப் பார்த்தாள்.