தேய்பிறையில் அடங்கும் வீடு

"நீதான கேட்ட, நீதான மாடிமேல நின்னுக்கினு—"

"நான் இன்னா பாவா கேட்டேன், தறிச் சத்தம் கொஞ்சம்—"

"கொஞ்சம்னா சொன்ன? ஒழியட்டும்னு சொன்னியாமே, பொண்ணு சொல்லுது—"

"சொல்லுவேன்! கண்ணாலம் கட்டி வந்த நாள்லருந்து கத்திக் கத்திப் பேசி என் தொண்டையே போயிடுச்சி. கொழம்புல உப்பு இல்லன்னாகூட நீ அரக்கோணத்துக்குக் கேக்கறாப்புல—"

"இப்ப மெதுவா பேசறேன் பாரு! எதிர்வூட்டு நாய்கூட திரும்பல! சந்தோசமா?"

ஆடிக் கிருத்திகையன்று பகலில் நடந்த இந்தச் சண்டையில் துளசிங்கமும் அவர் மனைவி பத்மாவும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே கைக்குழந்தையோடு நின்ற மகள் பானுப்ரியாவுக்கு அது இரண்டு சுவர் தாண்டி வருவதுபோலத்தான் கேட்டது. திருத்தணி மலையடிவாரத்தில் நாலு விசைத்தறி போட்டு லுங்கி நெய்யும் அந்த வீட்டில், நிலா தேயத் தேயச் சத்தமும் தேய்ந்துகொண்டிருந்தது. காவடிகள் அந்தத் தெரு வழியாகத்தான் போயின. பம்பைக்காரர்கள் அந்த ஒரு வீட்டின் வாசல் நீளத்துக்கு மட்டும் பஞ்சுமூட்டையில் அடிப்பதுபோல அடித்தார்கள். ஒருவர் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வீட்டு வாசல் வந்ததும் பம்பை பழையபடி அதிர்ந்தது, அவர்களும் ஒன்றும் கேட்காமல் மலையேறினார்கள்.

கேட்டது பத்மாதான், அதில் சந்தேகம் இல்லை. தறி ஓடும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் காது உண்டு. அமாவாசைக்கு நெசவுக்காரர்கள் தறி ஓட்ட மாட்டார்கள். அன்றைக்கு மட்டும் பால் பொங்கி வரும் ஓசையும், பல்லி சொல்வதும், தன் வளையல் தன் கையிலேயே உரசுவதும் அவளுக்குக் கேட்கும். பிரசவத்துக்காக மணவூரிலிருந்து தாய்வீடு வந்திருந்த பானுப்ரியா, சித்ரா பௌர்ணமி சாயங்காலம் மொட்டைமாடியில் வைத்து அம்மாவுக்குப் போனில் ஒரு வீடியோ காட்டினாள். அமாவாசையில் கேட்பது பிறையோடு வளரும், பௌர்ணமியில் வேண்டாம் என்று விடுவது பிறையோடு தேயும், ஆனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவரவர் சொன்னதை அவரவரேதான் மாற்ற முடியும் என்று அதில் ஒரு பெண் சிரித்த முகமாகச் சொன்னாள். பானுப்ரியா நகம் கடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுவதாகச் சொன்னாள். அது இன்றுவரை போகவில்லை. பத்மா மலைக்குப் பக்கத்தில் எழும்பிய நிலாவைப் பார்த்து, "இந்த வூட்டுச் சத்தம் ஒழியட்டும் சாமி, எல்லா நாளும் அமாவாசையாவே இருந்தாத் தேவல" என்றாள். மனிதர் குரலும் சத்தத்தில்தான் சேர்த்தி என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் மாதம் தறிச் சத்தம் மட்டும் தேய்ந்தது. பெல்ட் மாற்றியதால் இருக்கும் என்று துளசிங்கம் பெருமைப்பட்டுக்கொண்டார். அது முழுதாக நின்ற நாள் அமாவாசை, அன்றைக்குத் தறி எப்படியும் ஓடாது, ஆகவே யாரும் ஒன்றையும் கவனிக்கவில்லை. வளர்பிறையில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. இரண்டாவது மாதம் தறியோடு சேர்ந்து குக்கர் விசிலும், டிவியும், இரும்புக் கேட்டின் தாழ்ப்பாளும் தேய்ந்தன. பத்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனி வளர்பிறையில் பானுப்ரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது போட்ட கூச்சலைக் கேட்டு, "தறிக்காரங்க வூட்டுப் புள்ளையா? அதான் மெஷினாட்டம் கத்துது" என்று நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது மாதத் தேய்பிறையில் குரல்கள் போகத் தொடங்கின.

முதலில் அகப்பட்டவர் துளசிங்கம். காலமெல்லாம் தறியைக் காதால் ஓட்டியவர். இழை அறுந்தால் காது சொல்லும், ஊடுநூலைச் சுமந்து குறுக்கே பாயும் நாடா தடம் மாறினால் காது சொல்லும். சத்தம் இல்லாததால் தறி நின்றுவிட்டது என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்ததற்குள் கையை விட்டார். நாடா அவர் ஆள்காட்டி விரலை நசுக்கியது. அவர் போட்ட அலறல் அடுத்த அறைக்கு வரவில்லை. காப்பி கொண்டுபோன பத்மா, வாயை அகலத் திறந்துகொண்டு நிற்கும் மனிதரையும், நீல லுங்கியில் சிவப்பாகப் பரவும் கறையையும் பார்த்துவிட்டுத் தானும் அலறினாள். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. கிருத்திகைச் சண்டையில் அவர் ஆட்டி ஆட்டிப் பேசியது அந்தக் கட்டுப்போட்ட விரலைத்தான்.

குழந்தையின் அழுகை பூனைக்குட்டி அளவுக்கு வந்தது, பிறகு கொசு அளவுக்கு, பிறகு வாய் மட்டும். பானுப்ரியா தூங்குவதை விட்டுவிட்டாள். ஒருநாள் மத்தியானம் தாயும் மகளும் தங்களை அறியாமல் கண்ணயர்ந்து எழுந்தபோது தூளிக்குள் குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது. கணுக்காலைச் சுற்றிச் சிவப்பெறும்பு. எவ்வளவு நேரம் அழுததோ. அன்றைக்கே மருமகன் வேணு வந்து இருவரையும் மணவூருக்கு அழைத்துப் போனான். ரயிலில் முறுக்குக்காரர் கத்தினார், பெண்கள் சீட்டுக்குச் சண்டை போட்டார்கள், அந்தக் குழந்தை மட்டும் சத்தமில்லாமல் அழுதுகொண்டு போயிற்று. அந்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியவர்களை அது விடுவதாக இல்லை. வேணுவின் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "சத்தம் வந்தப்புறம் இட்டுனு வாடா. இங்க கொண்டாந்து எங்க வாயையும் அடைக்காத" என்று சொல்லிவிட்டாள். அடுத்த ரயிலில் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் பத்மா தறியில் ஏற்றியிருந்த பாவு நூல்களிலிருந்து ஒரு சிவப்பு நூலை இழுத்து முறுக்கி, ஒரு நுனியைக் குழந்தையின் கால் கட்டைவிரலிலும் மறு நுனியைத் தன் மணிக்கட்டிலும் கட்டினாள். குழந்தை அழுதால் உதைக்கும், உதைத்தால் நூல் இழுக்கும். மகளைத் தூங்கச் சொல்லிவிட்டு அவள் சமைத்தாள், துவைத்தாள், எல்லாம் அந்த நூல் எட்டும் தூரத்துக்குள். நூல் இழுத்தால் பயம். இழுக்காவிட்டால் அதைவிடப் பயம்.

மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கும் கிட்டுவின் மனைவி ருக்குதான் வழி சொன்னாள். உள்ளே வந்தால் பேச்சு கேட்காது என்பதால் தெருவில் நின்றபடியே சொன்னாள். "இதோ பாருடி பத்மா, சொன்னவளே அமாவாசையில திருப்பிக் கேக்கணும். நாளைக்குப் பொழுது விடியறச்சே சதுர்த்தசிதான், ரெண்டு மணிக்கு மேலதான் அமாவாசை பொறக்கறது. அதுவரைக்கும் வாயையே தெறக்காதே. இருக்கற குரலை மிச்சம் பிடிச்சு வச்சுக்கோ. மாசத்துக்கு மாசம் இது ஜாஸ்தியாத் திங்கறது, அடுத்த வாட்டி இவ்வளவுகூட ஒனக்கு இருக்காது." பத்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் அந்த வீட்டில் ஆளுக்கு ஒரு வாக்கியம்தான் மீதி இருந்தது. துளசிங்கம் காலையிலேயே, "காப்பில சக்கரையே காணோம்" என்று சொல்லித் தன்னுடையதைச் செலவழித்துவிட்டு, அப்புறம் தலையில் அடித்துக்கொண்டார். பானுப்ரியா தன்னுடையதைத் தாலாட்டின் முதல் அடியில் விட்டாள். பத்மா உதட்டை இறுக்கிக்கொண்டு நிறுத்திவைத்த தறிகளுக்கு நடுவே நின்றாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்: இந்த வூட்டுச் சத்தமெல்லாம் திரும்பி வந்து வளரட்டும் சாமி. மேலே கோயில் மணி அடித்திருக்கும், அது உள்ளே வரவில்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் சத்தமில்லாமல் இரண்டைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று பொறுத்தாள். அதுவரை இழுத்துக்கொண்டே இருந்த நூல் அப்போது நின்றது.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. உதைத்த உதையில் நூல் கழன்று போயிருந்தது, குழந்தை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. இப்போது அந்தப் பெண் ஓடியாடுகிறாள், தேய்பிறையில் யார் வாயசைத்தாலும் புரிந்துகொள்கிறாள். வளர்பிறையில் மணவூர், தேய்பிறையில் திருத்தணி என்று ஆகிவிட்டது. அந்த வீடு இன்றும் அப்படித்தான். பத்மாவின் குரல் இப்போதெல்லாம் சதுர்த்தசிக்கு வெகுமுன்பே தீர்ந்துவிடுகிறது, அமாவாசைக்கென்று மிச்சம் பிடிக்க ஒன்றும் இருப்பதில்லை. துளசிங்கம் தறிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து ஓட்டப் பழகிவிட்டார். பால்காரர் மணி அடிக்காமல் ஜன்னலில் முகம் காட்டுகிறார். தெருக்காரர்கள் அதைக் கரண்ட் போவதைப் போல எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்த மத்தியானத்தில், தறிகளுக்கு நடுவே நின்ற பத்மாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அமாவாசை பிறந்துவிட்டது. வாயில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. மணிக்கட்டில் நூல் தளர்ந்து தொங்கியது. தூளி அசையவில்லை. அவள் வாயைத் திறந்தாள்.

"பாப்பா, தூங்கினுகிறியா கண்ணு?"